பழைய போர்ஷே வாங்கும் முன் இன்ஜினைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1997 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர், கேமன், 911 கார்களைப் பற்றிய பக்கம் இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய கார் சந்தையில் இவை தாராளமாகக் கிடைக்கின்றன. அதிலும் முதல் தலைமுறை பாக்ஸ்டரின் விலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இன்ஜின் போய்விட்டால், அதை மறுபடி கட்டும் செலவு கார் வாங்கிய காசைத் தாண்டிவிடும். அதனால் வண்டியின் பெயிண்டைவிட, சீட்டின் தோலைவிட, இன்ஜினுக்குள் என்ன நிலைமை என்பதுதான் முதல் கேள்வி.

எந்தெந்தக் கார்களுக்கு இது பொருந்தும்?

எம்96, எம்97 என்ற குடும்பத்து இன்ஜின் உள்ள கார்களுக்கு. (986, 996 போன்றவை அந்தந்தத் தலைமுறைக்குப் போர்ஷே வைத்த எண்கள்.) 986 பாக்ஸ்டர் (2.5, 2.7, 3.2 லிட்டர்), 996 என்ற 911 (முதலில் 3.4, 2002 மாடலிலிருந்து 3.6), 997-இன் முதல் பாதி (3.6, 3.8), 2008 வரையிலான 987 பாக்ஸ்டர், கேமன் எல்லாம் இதில் அடங்கும். ஆறு சிலிண்டரும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும், தண்ணீரால் குளிரும் இன்ஜின்கள் இவை.

அதே காலத்து 996 டர்போ, ஜிடி2, ஜிடி3 கார்களில் இருப்பது வேறு பரம்பரை. மெட்ஸ்கர் இன்ஜின் என்பார்கள். கீழே சொல்லும் இரண்டு பெரிய நோய்களும் அதற்குக் கிடையாது. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில், கீழே விளக்கும் ஐஎம்எஸ் என்ற தண்டே இல்லை.

ஐஎம்எஸ் பேரிங், ஐஎம்எஸ் பேரிங் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளை நேராகச் சுற்றுவதில்லை. நடுவில் ஒரு தண்டு இருக்கிறது. கிராங்க் அதைச் சுற்ற, அது செயின்கள் வழியாக இரண்டு பக்கத்துக் கேம்களையும் சுற்றும். அந்த இடைத்தண்டுதான் ஐஎம்எஸ். அதன் ஒரு முனை இன்ஜின் ஆயிலில் மிதக்கும் சாதாரண புஷ் மேல் சுற்றுகிறது. மறுமுனையில், அதாவது கியர்பாக்ஸ் பக்கம், கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங் ஒன்றை வைத்தார்கள்.

வம்பு அந்த மூடியில்தான். வருடக்கணக்கில் ஆயில் சூட்டில் கிடந்து சீல் தளர்ந்துவிடும். உள்ளே இருந்த கிரீஸ் கரைந்து போகும், ஆயில் கொஞ்சம் உள்ளே கசியும், ஆனால் புது ஆயில் வந்து போகாது. பழைய அழுக்கு ஆயிலிலேயே குண்டுகள் உருண்டு தேயும். கடைசியில் பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும். அத்தோடு இன்ஜின் முடிந்தது.

என் காரில் எந்த பேரிங் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோராயமாக மூன்று வகை. 2000 வாக்கு வரை இரட்டை வரிசைக் குண்டு பேரிங். இது ஓரளவு தாங்கும். அதன்பிறகு 2005 வரை சின்ன ஒற்றை வரிசை. பேர் கெட்டது இதனால்தான். 2006 முதல் 2008 வரை பெரிய ஒற்றை வரிசை. இது அபூர்வமாகத்தான் உடையும், ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் இதைக் கழற்ற முடியாது.

மாறிய வருடங்களில், குறிப்பாக 2000, 2001, 2005-இல், வகைகள் கலந்து வந்தன. அப்புறம், பல கார்களில் கம்பெனியே இன்ஜினை மாற்றிக் கொடுத்திருக்கிறது. அப்படி மாற்றிய இன்ஜினின் எண்ணோடு ‘ஏடி’ என்ற எழுத்துகள் குத்தியிருக்கும். அங்கே காரின் வருடத்தை வைத்துச் சொல்வது வெறும் ஊகம்தான். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் நிச்சயம்.

அமெரிக்காவில் இதற்காக ஐசன் என்பவர் பெயரில் கூட்டு வழக்கு நடந்து 2013-இல் சமரசமானது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்கள்தான் அதில் வந்தன. அந்த வழக்கை ஒட்டிப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு: இரட்டை வரிசையில் 1 சதவீதத்துக்கும் கீழ், சின்ன ஒற்றை வரிசையில் சுமார் 8 சதவீதம். எட்டு என்பது சின்ன எண் அல்ல. அதே சமயம் பத்தில் ஒன்பது வண்டி நன்றாக ஓடியது என்பதும் அதே எண்தான்.

பேரிங் கெடுவது முன்கூட்டியே தெரியுமா?

பல நேரம் தெரியும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால். இதற்கு ஆகும் செலவு ஒரு புது ஃபில்டர், கொஞ்சம் ஆயில், அவ்வளவே. இருந்தும் கார் வாங்குகிறவர்களில் இதைச் செய்கிறவர் குறைவு.

இந்த இன்ஜினின் ஃபில்டர், பிளாஸ்டிக் கூடைக்குள் இருக்கும் காகித உருளை. முதலில் கூடையின் அடியில் தேங்கிய ஆயிலை வெள்ளைத் துணி வழியாக ஊற்றுங்கள். பிறகு கூர்மையான கத்தியால் காகிதத்தை மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் அறுத்து நீளமாகப் பிரியுங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, நல்ல வெளிச்சத்தில், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மின்னுவது எதுவாக இருந்தாலும் கண்ணில் படும். பிறகு பாலிதீன் பையில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் மெல்ல ஓட்டுங்கள். பையில் சுற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் காந்தத்தில் ஒட்டிய இரும்புப் பொடியை அப்புறம் பிரித்து எடுக்கவே முடியாது.

காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான செதில்கள் நாலைந்துக்கு மேல் வந்தால் பேரிங் மேல் சந்தேகம் வைக்கலாம். கூடவே மெல்லிய கறுப்பு ரப்பர் துணுக்கு இருந்தால் அது பேரிங்கின் சீலாக இருக்கலாம்; அந்தக் காரை அதற்குமேல் ஓட்டாதீர்கள், டிரக்கில் ஏற்றி அனுப்புங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுக்கு என்றால் அலுமினியம். பிஸ்டனையோ சிலிண்டர் சுவரையோ சந்தேகப்பட வேண்டும். செம்பு நிறம் தெரிந்தால் கிராங்க் பேரிங். பழுப்பு நிற பிளாஸ்டிக் துண்டுகள் செயின் உரசி ஓடும் பட்டைகளிலிருந்து வருவன. பழைய இன்ஜினில் ஓரிரண்டு இருப்பது சகஜம்.

ஒரு எச்சரிக்கை. விற்பவர் போன வாரம்தான் ஆயில் மாற்றினார் என்றால் இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. “நல்லா பராமரிச்சிருக்கேன் சார், இப்பதான் ஆயில் மாத்தினேன்” என்று பெருமையாகச் சொல்வார்கள். சரி, பழைய ஃபில்டர் எங்கே என்று கேளுங்கள்.

அப்படியானால் ஐஎம்எஸ்தான் பெரிய ஆபத்தா?

என் கணக்கில் இல்லை. பேரிங்குக்குத் தீர்வு இருக்கிறது. 2005 வரையிலான கார்களில் கிளட்ச் மாற்றும்போதே கியர்பாக்ஸ் இறங்கிவிடும். அப்போதே மேம்பட்ட பேரிங் போட்டுவிடலாம். அமெரிக்காவின் எல்என் இன்ஜினியரிங் போன்றவர்கள் இதற்கென்றே செட் விற்கிறார்கள். கூலி ஒருமுறைதான்.

உண்மையில் பணத்தை விழுங்குவது சிலிண்டர் கீறல். பேச்செல்லாம் ஐஎம்எஸ் பற்றியே போவதால், பேரிங் மாற்றிய பில் ஒன்றைக் காட்டினாலே வாங்குபவர் நிம்மதியாகிவிடுகிறார். உள்ளே சிலிண்டர் கீறிக் கிடந்தால் அந்தப் பில்லால் ஒரு பயனும் இல்லை.

சிலிண்டர் கீறல் எப்படி வருகிறது?

இந்த இன்ஜின்களில் சிலிண்டருக்கு இரும்பு லைனர் கிடையாது. லோகசில் என்ற முறையில், சிலிக்கான் துகள்கள் செறிந்த அலுமினியத்திலேயே சுவரை வார்த்திருக்கிறார்கள். அந்தச் சிலிக்கான் துகள்கள்மேல்தான் பிஸ்டன் ஓடுகிறது. பிஸ்டனின் பக்கவாட்டில் இரும்பு கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு உரிந்தால் அலுமினியமும் அலுமினியமும் உரசும். ஒருமுறை தொடங்கிவிட்டால் நிற்காது.

குளிர் நாடுகளில் இது அதிகம். காலையில் உறைந்த இன்ஜினில் கூடுதல் பெட்ரோல் தெளிக்கப்பட்டு, சுவரில் உள்ள ஆயில் படலம் கழுவப்பட்டுப் போகிறது. அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் கேட்கவே வேண்டாம். சின்ன 2.5, 2.7 இன்ஜின்களில் சிலிண்டர் விட்டம் 85.5 மில்லிமீட்டர்தான், அவற்றில் கீறல் குறைவு. 96 மில்லிமீட்டர் விட்டமுள்ள 3.6-இலும், 99 மில்லிமீட்டர் விட்டமுள்ள 3.8-இலும், கேமன் எஸ்-இன் 3.4-இலும்தான் அதிகம் பார்க்கிறோம்.

பெரும்பாலும் முதலில் அடிபடுவது இரண்டாவது பக்கம், அதாவது 4, 5, 6-ஆம் சிலிண்டர்கள். அதிலும் ஆறாவது. 911-இல் இந்தப் பக்கம் காரின் வலப்புறம். பாக்ஸ்டரில் இன்ஜின் திருப்பி வைக்கப்பட்டிருப்பதால் இடப்புறம். மெக்கானிக்கிடம் சொல்லும்போது சிலிண்டர் எண்ணைச் சொல்லுங்கள், வலம் இடம் என்று சொன்னால் குழப்பம்தான்.

கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அழுத்தும் அளவு) பார்த்தோம், ஆறும் நன்றாக இருக்கிறது. போதாதா?

போதாது. கீறல் பெரும்பாலும் பிஸ்டனின் பாவாடைப் பகுதி, அதாவது ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கவாட்டு, உரசும் இடத்தில் விழுகிறது. காற்றை அடைத்துப் பிடிப்பது மேலே உள்ள ரிங்குகள். தவிர, கீறிய சிலிண்டரில் ஆயில் கூடுதலாக ஏறுவதால், அந்த ஆயிலே இடைவெளியை அடைத்து நல்ல எண்ணைக் காட்டிவிடும். சிலிண்டரில் காற்றடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனையும் இதே காரணத்தால் ஏமாற்றும்.

எண் மோசமாக வந்தால் நம்புங்கள். நன்றாக வந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

போரோஸ்கோப் (இன்ஜினுக்குள் விடும் சின்னக் கேமரா) போட்டுப் பார்ப்பது எப்படி?

இரண்டு வழி. சுலபமானது ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக. பின் சக்கரங்களைக் கழற்றி, காயிலையும் பிளக்கையும் எடுத்துவிட்டு, பிஸ்டனை முழுக்கக் கீழே இறக்கி, வளையும் தலையுள்ள கேமராவை உள்ளே விட வேண்டும். நேராக மட்டும் பார்க்கும் மலிவு கேமராவில் பிஸ்டனின் தலைதான் தெரியும், சுவர் தெரியாது.

இரண்டாவது வழி கீழிருந்து. ஆயிலை வடித்து, சம்ப் தட்டை (ஆயில் தேங்கும் அடித்தட்டு) கழற்றி, பிஸ்டனை மேலே ஏற்றிவிட்டு, கிராங்க் பக்கத்திலிருந்து சுவரின் கீழ்ப்பகுதியைப் பார்ப்பது. வேலை அதிகம். ஆனால் ஆரம்பக் கீறல் முதலில் தெரிவது இங்கேதான். ஆயிலை எப்படியும் வடிக்கிறோம் என்பதால் சம்பில் படிந்திருப்பதையும் ஃபில்டரையும் அதே கையோடு பார்த்துவிடலாம். 3.6, 3.8 இன்ஜின் என்றால் இந்த வழியையே கேட்டு வாங்குங்கள்.

நல்ல சுவர் மங்கிய சாம்பல் நிறத்தில், ஒரே சீராக இருக்கும். இரும்பு சிலிண்டரில் காணும் குறுக்குக் கோடுகளை இங்கே தேடாதீர்கள். தலைமுடி போன்ற ஓரிரு நீளக்கோடுகளுக்கும் பயப்பட வேண்டாம். விரல் அகலத்துக்கு, மேலிருந்து கீழாக, பல கோடுகள் சேர்ந்து கறுத்த பட்டையாகத் தெரிந்தால் அது கீறல். சிலிண்டர் படுத்திருப்பதால் மேல் சுவரையும் அடிச் சுவரையும் கவனமாகப் பாருங்கள். பிஸ்டன் அழுந்துவது அந்த இரண்டில்தான்.

படம் எடுத்து, எந்தப் படம் எந்தச் சிலிண்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். “பார்த்தேன், நல்லா இருக்கு” என்ற வாய் வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கருவி எதுவும் இல்லை. கண்ணையும் காதையும் வைத்து என்ன கண்டுபிடிக்கலாம்?

நிறையவே. முதல் நிபந்தனை, இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் போகும்போது விற்பவர் வண்டியை ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

911 என்றால் இரண்டு புறத்துப் புகைக்குழாய்களின் உள்விளிம்பிலும் விரலை வைத்துத் துடையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு கரி என்றால் கவலை இல்லை. ஒன்று மட்டும் கறுப்பாக, பிசுக்காக இருந்தால் ஒரு பக்கத்துச் சிலிண்டர்கள் ஆயில் எரிக்கின்றன என்று பொருள். கீறலின் பழைய, நம்பகமான அறிகுறி இது. விற்பவர் குழாயைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தால், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி துடைத்துப் பாருங்கள்.

பிறகு சத்தம். ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி வரும் செயின் சலசலப்பு, செயினை இறுக்கும் டென்ஷனரில் ஆயில் ஏறும் வரை இருப்பது, விட்டுவிடலாம். ஆனால் ஐடிலில் ஒரு பக்கத்தில் மட்டும் தாளம் தவறாமல் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடான பிறகும் மறையாமல் இருந்தால், வால்வைத் தள்ளும் டப்பெட்டின் சத்தம் என்று சொல்லிச் சமாளிப்பார்கள். டப்பெட்டாகவும் இருக்கலாம்தான். ஆனால் பிஸ்டன் சுவரில் தட்டுவதும் இதே சத்தம்தான் தரும். கேமரா போடாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வருகிறது. இன்ஜின் போச்சா?

எப்போதாவது ஒரு குப்பென்று வந்து உடனே அடங்கினால் ஒன்றுமில்லை. சிலிண்டர் படுத்திருக்கும் இன்ஜினில் இரவில் கொஞ்சம் ஆயில் உள்ளே வழிந்து நிற்கும்.

தெருவையே மறைக்கும் அளவுக்குப் புகை என்றால் முதலில் ஏஓஎஸ் என்ற, ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் பாகத்தைப் பாருங்கள். அதன் உள்ளே உள்ள ரப்பர் சவ்வு கிழிந்தால் இன்ஜின் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பலமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு திறக்கவே வரவில்லை என்றால் சவ்வு போய்விட்டது. இது மாற்றக்கூடிய பாகம். விலை பேசக் கைகொடுக்கும் பழுது, ஓடிப்போக வேண்டிய பழுது அல்ல.

ஆயில் எவ்வளவு குடித்தால் தப்பு?

போர்ஷேயின் கையேடு 1,000 கிலோமீட்டருக்கு 1.5 லிட்டர் வரை பரவாயில்லை என்கிறது. அது கம்பெனி தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட எண். ஆரோக்கியமான இன்ஜின் அதில் சின்னப் பங்குகூடக் குடிக்காது. பழைய பில்களில் ஆயில் மாற்றங்களுக்கு நடுவே தனியாக ஆயில் டப்பா வாங்கிய வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிக்கியில் பாதி காலியான ஆயில் டப்பா இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்கேனரில் என்ன கேட்க வேண்டும்?

சாதாரண ஸ்கேனர் போதாது. போர்ஷேயின் சொந்த ஸ்கேனரான பிவிஸ் அல்லது போர்ஷேக்கென்றே விற்கும் டுராமெட்ரிக் வேண்டும். மூன்று விஷயம் முக்கியம்.

முதலாவது, கேம் ஷாஃப்டின் விலகல். இரண்டு பக்கத்துக்கும் டிகிரியில் காட்டும். ஐடிலில் எண் அசையாமல் நிற்க வேண்டும். அளவுக்கு உட்பட்டே இருந்தாலும் எண் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் செயின் பட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது ஐஎம்எஸ் தண்டே ஆடுகிறது.

இரண்டாவது, ஓவர் ரெவ் பதிவு, அதாவது இன்ஜின் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்றதன் பதிவு. 996-இல் இரண்டு கட்டமாகவும் 997-இல் ஆறு கட்டமாகவும் வரும். பதிவாவது முறைகளின் எண்ணிக்கை அல்ல, ஸ்பார்க்குகளின் எண்ணிக்கை. ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று ஸ்பார்க். 7,300 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 365. ஆக, முதல் கட்டத்தில் 700 என்று இருந்தால் இரண்டு விநாடி லிமிட்டரை (இன்ஜின் வேகத்துக்குக் கம்பெனி வைத்த தடை) தொட்டிருக்கிறார், அவ்வளவுதான். மேல் கட்டங்கள் வேறு கதை. அந்த வேகத்துக்கு இன்ஜின் தானாகப் போகாது. ஐந்துக்குப் பதில் தவறி மூன்றாவது கியரில் போட்டால் சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுழற்றுவதால் வருவது அது. கடைசியாக நடந்தது எந்த மணி நேரத்தில் என்றும் பதிவு சொல்லும். பல நூறு மணி நேரத்துக்கு முன் நடந்து, அதன்பிறகும் ஒழுங்காக ஓடியிருந்தால் மன்னித்துவிடலாம். போன மாதம் நடந்ததென்றால் வேண்டாம்.

மூன்றாவது, மொத்த ஓட்ட மணி நேரம். கிலோமீட்டரை அதால் வகுத்துப் பாருங்கள். 2,000 மணி, 1,00,000 கிலோமீட்டர் என்றால் சராசரி 50, நம்பலாம். அதே மணி நேரத்துக்கு மீட்டர் 40,000 காட்டினால் சராசரி 20. ஒன்று நகர நெரிசலிலேயே கழிந்த வண்டி, அல்லது மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் இருக்கிறது.

கிராங்கின் பின் சீல் கசிவது இந்தக் கார்களில் சர்வ சாதாரணம். ஐஎம்எஸ் மூடியும் அங்கேதான் இருப்பதால் எது கசிகிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. லேசான ஈரம் என்றால் அடுத்த கிளட்ச் வேலையோடு பார்த்துக்கொள்ளலாம். சொட்டினால் விலையில் குறையுங்கள்.

தண்ணீர்ப் பக்கம்?

வாட்டர் பம்ப்பின் பிளாஸ்டிக் இறக்கை உடைந்து துண்டுகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். தண்ணீர் சரியாக ஓடாத இடத்தில் சூடு ஏறி சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். பம்ப் கடைசியாக எப்போது மாறியது என்று கேளுங்கள். கூலண்ட் டப்பாவில் ஆயில் படலம் மிதந்தால் ஆபத்து. ஆனால் ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்ணிறப் பசை ஒட்டியிருப்பது, குளிர் காலத்தில் குட்டி குட்டிப் பயணம் போகும் காரில் வருவதே. அதை மட்டும் வைத்து ஹெட் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆயிலை லேபுக்கு அனுப்பினால் தெரிந்துவிடாதா?

உதவும், தனியாகப் போதாது. ஒரே ஒரு மாதிரியில் அலுமினியமும் இரும்பும் கூடுதலாக வந்தால் சந்தேகப்படலாம். குறைவாக வந்தால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, ஏனென்றால் ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு விற்பவர் சொல்வதுதான் சாட்சி. நாலைந்து வருட ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்திருக்கும் உரிமையாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

குறைவாக ஓடிய வண்டிதானே நல்லது?

இந்தக் குடும்பத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். வருடத்தில் பத்து மாதம் கராஜில் தூங்கிய கார்களில் பேரிங் சீல் காய்ந்து, ஆயிலில் ஈரம் சேர்ந்து கிடக்கும். வருடா வருடம் ஆயில் மாறி, வாராவாரம் நன்றாகச் சூடேறும்வரை ஓடிய 1,50,000 கிலோமீட்டர் காரை நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

விற்பவர் ஃபில்டரை வெட்டவோ கேமரா போடவோ விடமாட்டேன் என்கிறார்.

செலவு முழுக்க என்னுடையது, வேலை போர்ஷே தெரிந்த கடையில் நடக்கும், புது ஆயிலும் ஃபில்டரும் நான் போட்டுத் தருகிறேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால், கீறல் இருப்பதாகவே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கீறல் இருப்பது உறுதியாகிவிட்டது. ஆனாலும் கார் பிடித்திருக்கிறது.

பிழைக்க வைக்கலாம். இன்ஜினை இறக்கி, முழுக்கப் பிரித்து, சிலிண்டர்களில் நிக்கசில் என்ற கடினமான நிக்கல் பூச்சுள்ள லைனர் (உள்ளுறை) போட்டுக் கட்டுகிறார்கள். பிரிட்டனில் போல்டன் நகரத்து ஹார்ட்டெக் இதற்குப் பெயர் போனது. அமெரிக்காவில் எல்என் இன்ஜினியரிங்கின் சிலிண்டர்களை வைத்துப் பல கடைகள் செய்கின்றன. முறையாகச் செய்த இன்ஜின் புதிதாக வந்ததைவிட உறுதியானது. பிரித்த நேரத்தில் பேரிங், பம்ப், செயின் பட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். முதலில் கடையில் எழுத்து மூலம் மதிப்பீடு வாங்குங்கள். அந்தத் தொகையையும் காரின் விலையையும் கூட்டி, அதே பணத்துக்கு 2009-க்குப் பிந்திய கார் கிடைக்குமா என்று பார்த்துவிட்டு விற்பவருக்கு போன் போடுங்கள்.